நாட்பட்ட நோயும் கொள்ளை நோயும்
(ஆடு, மாடு, கோழி வளர்ப்போர்க்கு ஒரு பாடம்)

கொள்ளை நோய் ஒரு கிராமத்தில் புகுமாயின், ஒரே குட்டையில் நீர் அருந்தும் இரு பட்டிகளுள் ஒன்றில் பாதி ஆடுகள் மடிவதும், மற்றொன்றில் இரண்டொன்றே மடிவதும் குடியானவர்கள் பலரும் கண்டதே. இதற்குக் காரணம் கேட்டால், ஒருவர் தெய்வக் குற்றம் என்பர். ஒருவர் கைராசி என்பர். வேறொருவர் காற்று வீசிய திசை என்பர். உண்மைக் காரணமோ, பெரும்பாலும் அந்நோய் வருவதற்குப் பல மாதங்கள் முன்னரே பட்டிக்குள் வந்து தங்கியிருக்கின்றது. அஃது யாது, அதனை எவ்வாறு அறிவது, எவ்வாறு நீக்குவது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இருவகை நோய்கள்

கால்நடைகளுக்கு வரும் நோய்களை இரு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, திடீரெனத் தோன்றி, ஊர் முழுதும் பரவி, இரண்டொரு வாரங்களில் பட்டியைக் காலி செய்வது. ஆட்டுக்கொல்லி நோய், மாடுகளின் கோமாரி, தோல் கழலை நோய், கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் ஆகியவை இவ்வகையின. இவை யாவும் வைரஸ் என்னும் நுண்கிருமிகளால் உண்டாவன. உடம்பினுள் புகுந்துவிட்ட இக்கிருமிகளைக் கொல்லத்தக்க மருந்து எதுவும் நமது கால்நடை மருத்துவத்தில் வழக்கத்தில் இல்லை. பிராணியின் உடம்பே எதிர்த்துப் போராடி வெல்லுதல் வேண்டும்.

இரண்டாவது வகை, மெல்ல வந்து, நெடுநாள் தங்கி, பிராணியை உடனே கொல்லாமல் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டிருப்பது. குடற்புழு, ஈரலில் தங்கும் தட்டைப்புழு, உண்ணி, உண்ணி கடிப்பதால் இரத்தத்தில் சேரும் கிருமிகள், சொறி, தீவனக் குறைவு, பூஞ்சை பிடித்த பிண்ணாக்கின் நஞ்சு ஆகியவை இதில் அடங்கும்.

முதல் வகைக்கு அஞ்சாதார் இல்லை. இரண்டாம் வகைக்கு அஞ்சுவார் மிகச் சிலரே. ஆடு இளைத்தால், “மேய்ச்சல் போதவில்லை” என்கின்றோம். மாடு பால் குறைந்தால், “வெயில்” என்கின்றோம். ஆயினும் இரண்டாம் வகை நோயே முதல் வகைக்குக் கதவைத் திறந்துவிடுகின்றது.

ஏரிக்கரையை உவமையாகக் கொள்வோம். ஐப்பசி வெள்ளத்தில் கரை உடைந்தால், வெள்ளத்தையே குறை கூறுகின்றோம். அதே வெள்ளம் பக்கத்து ஏரிக்கும் வந்தது, அக்கரை நின்றது. உடைந்த இடத்தைச் சென்று பார்த்தால், எலியும் நண்டும் கோடையிலேயே வளை தோண்டி வைத்திருக்கக் காண்போம். வெள்ளத்தைத் தடுப்பது நம் கையில் இல்லை. வளையை அடைப்பது நம் கையில் உள்ளது.

உடம்பு எதிர்க்கும் விதம்

உடம்பின் காவல் வேலையைச் செய்வன இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள். புதிய கிருமி ஒன்று உள்ளே புகுந்தால், அதனை அடையாளம் கண்டு, அதற்கென்றே தனி எதிர்ப்புப் பொருளை இவை உண்டாக்குகின்றன. அப்பொருள் புரதத்தால் ஆனது. ஆதலின் புரதம், இரத்தம் முதலியன குறைந்த பிராணியால் எதிர்ப்புப் பொருளை வேண்டிய அளவில், வேண்டிய காலத்தில் உண்டாக்க இயலாது.

ஆட்டுக்கொல்லி நோயின் வைரஸோ வெள்ளை அணுக்களையே நேரில் தாக்கி அழிக்கும் இயல்புடையது. காவற்காரன் வீழ்ந்தபின், அதுவரை அடங்கிக் கிடந்த மற்றக் கிருமிகள் தலையெடுக்கின்றன. மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி இருந்தவை நுரையீரலில் இறங்கிச் சளிக்காய்ச்சலை உண்டாக்குகின்றன. குடலில் இருந்தவை கழிச்சலை மிகுவிக்கின்றன. ஆகவே அந்நோயில் மடியும் ஆடுகள் பல, வைரஸினால் மட்டும் மடிவதில்லை. முன்பே குடியிருந்த நோய்களும் சேர்ந்தே அவற்றைக் கொல்லுகின்றன.

இது புதிதாகக் கண்ட செய்தியன்று. ஆட்டுக்கொல்லிக்கு நெருங்கிய இனமான மாட்டு வெக்கை நோய் நம் நாட்டில் பரவியிருந்த காலத்தில், அதற்கு இலக்கான மாடுகளின் இரத்தத்தில் மறைந்திருந்த உண்ணிக் காய்ச்சல் கிருமிகள் மீண்டும் கிளம்புவதை இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவர் ஆராய்ச்சிச் சாலையார் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கண்டனர். வெக்கை நோய் 2011-ஆம் ஆண்டில் உலகினின்றும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அது கற்பித்த பாடம் இன்றும் பயன்படுவதே.

ஆட்டுக்கொல்லியும் குடற்புழுவும்

ஆட்டுக்கொல்லி நோய் 1942-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் 1987-ஆம் ஆண்டில், இக்காலம் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அரசூரில்தான் இது முதலில் கண்டறியப்பட்டது. கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீரும் சளியும் ஒழுகுதல், வாய்ப்புண், துர்நாற்றம், கழிச்சல், இருமல் என்பவை இதன் குறிகள். இந்நோயில் சில மந்தைகளில் நூற்றுக்கு 90 வரை மடிவதுண்டு. வேறு சிலவற்றில் சிலவே மடிவதும் உண்டு. வயது, இனம், முன்பே பெற்ற எதிர்ப்பு ஆகியவை இவ்வேற்றுமைக்குக் காரணங்களாம். அவற்றோடு சேர்ந்து நிற்கும் மற்றொரு காரணம், பிராணியின் முன்னிலைமை.

அம்முன்னிலைமையைக் கெடுப்பனவற்றுள் தலையாயது நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் உருட்டுப்புழு. இதன் பெண்புழு, செந்நிறமும் வெண்ணிறமும் முறுக்கிய நூல்போல் தோன்றும். நீளம் 2 முதல் 3 சென்டிமீட்டர். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்யும். இஃது அற்பம் என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். 1,000 புழுக்கள் உள்ள ஆடு நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் இழக்கும். 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பிலுள்ள மொத்த இரத்தம் சுமார் 1,400 மில்லிலிட்டர். எனவே, 28 நாளில் தன் உடம்பிலுள்ள இரத்தம் முழுவதற்கும் சமமான அளவை அவ்வாடு புழுவுக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. இரத்தத்தோடு புரதமும் இரும்புச் சத்தும் போகின்றன. இந்த ஆட்டிடம் ஆட்டுக்கொல்லி வந்தால் அஃது எதைக்கொண்டு எதிர்க்கும்?

ஒரு பெண்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். சாணத்தோடு விழும் முட்டைகள் ஈரமும் வெப்பமும் உள்ள காலத்தில் ஒரு வாரத்திற்குள் நோய் தரும் குஞ்சுப் புழுக்களாகிப் பனி படிந்த புல்லில் ஏறிக் காத்திருக்கும். ஆடு அவற்றைத் தின்ற மூன்று வாரத்திற்குள் அவையும் இரத்தம் உறிஞ்சும். மழைக்காலத்திலும் அதனை ஒட்டிய மாதங்களிலும் இவை பெருகுவதற்கு இதுவே காரணம்.

யான் கண்ட இரு பட்டிகள்

என் வட்டாரத்தில் ஏரியை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்ததை இங்குக் கூறுவது பொருத்தமாகும். அவ்வூரில் நிலபுலமுள்ள பெரியவர் ஒருவர், வயலில் கிடை கட்டி எருவாக்கும் பொருட்டு ஒரு பெரிய மந்தை வைத்திருந்தார். ஏரியின் நீர் வடிந்த இடத்துப் பசும்புல்லில் விடியற்காலை முதலே ஆடுகள் மேயும். புரட்டாசியில் யான் சென்றபோது, கரைமேல் நின்றபடியே மந்தையைப் பார்த்து, “ஆடுகள் நன்றாக இருக்கின்றன, ஐயா” என்று கூறிவந்தேன். வயிறு நிறைந்திருந்தது, அதுவே எனக்குப் போதுமாயிற்று. ஓர் ஆட்டின் இமையையாவது யான் விலக்கிப் பார்க்கவில்லை.

அவ்வூரிலேயே நிலமில்லாத முதியவர் ஒருவர் சில வெள்ளாடுகளை வளர்த்துவந்தார். அவர் காலையில் பனி உலர்ந்தபின்னரே ஆடுகளை ஓட்டுவார். வேலி ஓரத்துத் தழையும் அகத்திக் கொம்பும் ஒடித்துப்போடுவார். கால்நடை மருந்தகத்தில் சொன்னபடி மழைக்கு முன் ஒருமுறை புழு மருந்து கொடுத்திருந்தார்.

தடுப்பூசி முகாம் ஒன்றைக் கார்த்திகையில் நடத்த ஏற்பாடு செய்திருந்தோம். அறுவடைக்குப்பின் வைத்துக்கொள்ளலாம் என்று ஊரார் கேட்க, யானும் இணங்கினேன். தை மாதத்தில் சந்தையில் வாங்கிவந்த ஆடுகளோடு நோய் புகுந்தது. இரு பட்டிகளிலும் காய்ச்சல் கண்டது. முதியவர் தம் குட்டிகளுள் நான்கை இழந்தார். மற்றவை மெலிந்து தேறின. பெரியவரின் மந்தையில் பாதிக்குமேல் மடிந்தன. மார்கழியிலேயே அவற்றுட் சில தாடை வீங்கி நின்றன என்றும், அது குளிரினால் என்று எண்ணியதாகவும் அவர் பின்னர்க் கூறினார். கால்நடை மருத்துவர் இறந்த ஆடுகளை அறுத்துப் பார்த்தபோது, நான்காம் இரைப்பை முழுதும் புழுக்கள் நெளிந்தன, ஈரல் வெளுத்திருந்தது. அக்காட்சியைப் பெரியவர் வாய் பேசாமல் நின்று பார்த்தார். யான் அவரை நோக்க நாணினேன்.

செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வேற்றுமை உண்டு. நெருக்கமாக அடைத்த பெரிய மந்தையில் நோய் கடுகப் பரவும் என்பதும் உண்மை. ஆகையால் இவ்விரு பட்டிகளைக் கொண்டே ஒரு முடிவைக் கூறுவது முறையன்று. ஆயினும் மருத்துவர்கள் பல இடங்களில் கண்டதும், மேலே கூறிய உடம்பின் இயல்பும், யான் அன்று கண்டதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அன்றுமுதல் எம்மந்தையையும் யான் கரைமேல் நின்று மதிப்பிடுவதில்லை.

தடுப்பூசி வேண்டுமா?

“புழு நீங்கித் தீவனமும் நன்றாயிருந்தால் ஊசி எதற்கு?” என்று வினவுவோர் உளர். இது தவறு. வைரஸ் கொழுத்த ஆட்டையும் பற்றும். அதிலிருந்து பிற ஆடுகளுக்கும் பரவும். நாட்பட்ட நோயை நீக்குதல் நோயின் கடுமையைக் குறைக்கும். நோய் வராமல் காப்பது தடுப்பூசியே. அரசூர் ஆட்டிலிருந்து பிரித்தெடுத்த கிருமியைக் கொண்டே ஆட்டுக்கொல்லிக்கு ஒரு தடுப்பூசி நமது மாநிலத்தில் செய்யப்பட்டுள்ளது. 3 மாதம் கடந்த குட்டிக்கு ஒருமுறை போட்டால் 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாப்பு உண்டு.

இதிலும் கவனிக்கத்தக்க ஒன்று உளது. தடுப்பூசி தானே எதிர்ப்பைத் தருவதில்லை. எதிர்ப்பை உண்டாக்குமாறு உடம்பைத் தூண்டுகின்றது. இரத்தமும் புரதமும் இழந்த ஆடு அத்தூண்டுதலுக்குச் சரிவர இணங்காது. ஆதலின் ஊசிக்கு இரண்டு வாரம் முன்னர்ப் புழு நீக்குதல் நன்று. காய்ச்சல் கண்ட பின்னர் ஊசி போட்டு, ஆடு மடிந்தபின் ஊசியைப் பழிப்பது நியாயமன்று.

செய்யத்தக்கவை

1. இமையைப் பாருங்கள். ஆட்டின் கீழ் இமையை மெல்ல விலக்கி, உட்புறத்தைப் பகலொளியில் காண்க. நல்ல செந்நிறமாயின் குற்றமில்லை. வெளிர் சிவப்பாயின் கவனம் தேவை. வெண்மையாயின் அவ்வாடு இரத்தமின்றி உள்ளது. உடனே சிகிச்சை செய்க. இம்முறையை 5 நிறங்கள் கொண்ட அட்டையாக்கித் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் வழக்கத்திற்குக் கொண்டுவந்தனர். மழைக்காலத்தில் இரு வாரத்திற்கு ஒருமுறை இவ்வாறு பார்த்தல் வேண்டும். தாடையின் கீழ் வீக்கம் கண்டால் காத்திராதீர்கள்.

2. மருந்தை அளவறிந்து கொடுங்கள். மழைக்கு முன் புரட்டாசியிலும், மழைக்குப் பின் தையிலும் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டி, மருத்துவர் கூறும் மருந்தைக் கொடுக்க. ஆட்டை நிறுத்து எடையறிந்து கொடுத்தல் வேண்டும். குறைந்த அளவு புழுவைக் கொல்லாமல் மருந்துக்குப் பழக்கும். செம்மறிக்குரிய அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதுவதில்லை. ஒரே மருந்தையே ஆண்டுதோறும் கொடுப்பதும் தீது. சினையின் முதல் மாதத்தில் அல்பென்டசோல் என்னும் மருந்து கருவுக்குக் கேடு தருமாதலின் சினையாடுகளைப் பற்றி முன்னரே மருத்துவரிடம் கூறுக.

3. மேய்ச்சலை ஒழுங்குபடுத்துங்கள். பனி உலர்ந்தபின் ஓட்டுக. ஒரே ஈரப்பாங்கான இடத்தில் நாள்தோறும் மேய்க்க வேண்டா. குட்டிகளைப் புதிய இடத்தில் முதலில் மேயவிடுக. தரைமட்டத்துப் புல்லைவிட உயரத்துத் தழையில் புழு குறைவு.

4. தீவனத்தைக் கவனியுங்கள். அகத்தி, சூபாபுல், வேலிமசால் போன்ற தழைகள் புரதம் மிக்கவை. சினையாட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் இவை முதலில் சேரவேண்டும். தாது உப்புக் கலவையும் தேவை.

5. புதிய ஆட்டைப் பிரித்து வையுங்கள். சந்தையில் வாங்கியதை 3 வாரமேனும் தனியே கட்டி, புழு நீக்கி, ஊசி போட்ட பின்னரே மந்தையில் சேர்க்க.

மாடும் கோழியும்

மாடுகளுக்கும் இந்நியாயமே பொருந்தும். கலப்பின மாடுகளில் உண்ணிகளால் வரும் இரத்தக் கிருமிகள் மிகுதி. கடிக்கும் பெரிய ஈக்களால் பரவும் சர்ராக் கிருமி, வெளிக்குறி யாதும் காட்டாமல் மாட்டிலும் எருமையிலும் நெடுநாள் தங்கி, தடுப்பூசிகளின் பலனைக் குறைக்கவல்லது. கோமாரிக்கு 6 மாதத்திற்கு ஒருமுறை ஊசி போடும் தேசியத் திட்டம் 2019-இல் தொடங்கப்பட்டது. ஊசி போடும் நாளில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வருவதோடு கடமை தீர்ந்ததாகக் கொள்ளாமல், அதற்கு முன்னரே உண்ணியையும் புழுவையும் ஒழிக்க வேண்டும்.

கோழிகளில் வெள்ளைக்கழிச்சல் நோய் 1920-களிலேயே இந்தியாவில் கண்டறியப்பட்டு, இமயச் சாரலிலுள்ள ராணிகேத்து ஊரின் பெயரால் வழங்குகின்றது. குடற்புழுவும் இரத்தக் கழிச்சலும் உள்ள கோழிக்கு அதன் தடுப்பூசி சரிவரப் பலிப்பதில்லை. சில வேளைகளில் ஊசியே அதனை வருத்தும். ஆகையால் ஒரு வாரம் முன்பே புழு நீக்குக. மழையில் நனைந்து பூஞ்சை கண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கைக் கோழிக்கு இடுவது பெருந்தவறு. 1960-இல் இங்கிலாந்தில் இத்தகைய கடலைத் தீவனத்தால் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அந்நஞ்சு சிறிதளவாயின் கொல்வதில்லை. ஈரலைக் கெடுத்து, எதிர்ப்பாற்றலைத் தேய்த்து, அடுத்து வரும் நோய்க்கு இரையாக்கும்.

நமக்கும் இதுவே நியாயம்

2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் உலகெங்கும் பரவியபோது, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய் உடையோர் மற்றவரைவிட மிகுதியாகத் துன்புற்றதை நாம் கண்ணாரக் கண்டோம். நீரிழிவு உடையோருள்ளும் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்க்கு அபாயம் குறைவாகவும், வைக்காதவர்க்கு மிகுதியாகவும் இருந்தது. 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய்க்கு இலக்கானவர்களுள் பெரும்பாலோர் சர்க்கரை கட்டுக்கு மீறியவர்களே. நம்மில் பலர் மாட்டுக்கு ஊசி போட விடியற்காலையில் எழுந்து செல்வர். தம் சர்க்கரையைச் சோதிக்க ஆண்டுக்கு ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லார். நோய் தணிந்த நாளில் மாத்திரையை நிறுத்துவோரும் பலர். மருத்துவர் கூறிய மருந்தை விடாது உட்கொள்வதும், வளையைக் கோடையில் அடைப்பதும் ஒன்றே.

கிராம அதிகாரிகளுக்கு

கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டது. அதன்படி, அறிவிக்கை செய்யப்பட்ட தொற்றுநோய் ஒன்று தம் பிராணிக்கு வந்துளதென ஐயுறும் உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர் அதனை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஆட்டுக்கொல்லியும் கோமாரியும் இதில் அடங்கும். அச்சத்தால் நோய்கண்ட ஆட்டைச் சந்தைக்கு ஓட்டுவோர் உளர். அதனால் பக்கத்து ஊர்கள் கெடுகின்றன. நல்ல வார்த்தை கூறி இதனைத் தடுப்பது அதிகாரிகளின் கடன். இறந்தவற்றை ஏரியிலோ ஓடையிலோ எறியவிடாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைப்பிக்க வேண்டும். ஊசி முகாமுக்கு நாள் குறிக்கும்போதே, அதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் புழு நீக்கும் நாளையும் குறித்துத் தண்டோராப் போடச் செய்தல் மிக்க பயன் தரும்.

சுருக்கம்

கொள்ளை நோய் எந்நாள் வரும் என்று எவரும் கூற இயலாது. அது வரும் நாளில் நம் பிராணி எந்நிலையில் இருக்கும் என்பதை இன்றே ஒருவாறு அமைத்துக்கொள்ளலாம். புழுவையும் உண்ணியையும் நீக்குக. நல்ல தீவனம் கொடுக்க. பின் காலந்தவறாமல் ஊசி போடுக. இப்பாடத்தைப் படித்து முடித்தவுடன், பட்டிக்குச் சென்று ஓர் ஆட்டின் இமையையேனும் விலக்கிப் பாருங்கள். அது வெளுத்திருந்தால், நாளைக் காலையிலேயே அவ்வாட்டைக் கால்நடை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்க.